வாசலில் நாலு கோடு, பின்கட்டில் பூஜ்யம்!

புதுச்சேரி நேரு வீதி, காந்தி வீதி, மிஷன் வீதிப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முன்கட்டில் கல்லா. அங்கே ஃபைபர் இணைப்பு, ரவுட்டர், பில் போடும் கணினி எல்லாம் ஜோராக ஓடுகிறது. பின்கட்டில் குடோன். அல்லது வீதிக்கு எதிர்ப்புறம், இடம் போதாமல் வாடகைக்குப் பிடித்த இன்னொரு கட்டடம். அங்கே போனால் வைஃபை கோடு ஒன்று எட்டிப் பார்க்கிறது, அடுத்த நிமிடம் காணாமல் போகிறது. சரக்கு இருப்பைப் பார்க்கத் திறந்த பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் கட்ட வந்தவர் கியூ.ஆர். அட்டைக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். “கொஞ்சம் வாசப்பக்கம் வந்து போடுங்கண்ணே, அங்க எடுக்கும்” என்கிறான் கடைப் பையன்.

கடற்கரையை ஒட்டிய பகுதியில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியவர்கள் பாடு இன்னும் சிரமம். பெங்களூரிலிருந்து வரும் இளைஞர்கள் இப்போது லேப்டாப்போடுதான் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை வேலையை இங்கிருந்தே முடித்துவிட்டு மாலையில் கடற்கரைக்குப் போகலாம் என்பது திட்டம். பின்பக்க அறையில் மீட்டிங் நடுவே முகம் உறைந்து நின்றால், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் கிளம்பும்போது ஒற்றை நட்சத்திரம்தான் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு அடுத்தவர் வேறு விடுதிக்குப் போய்விடுகிறார்.

இதற்கெல்லாம் இணைப்பு கொடுத்த கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் கொடுத்தது வாசல் வரை ஒழுங்காக வந்துவிட்டது. சிக்கல் அங்கிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போகும் ஐம்பது, நூறு அடியில்.

புதுச்சேரியில் முதல் குற்றவாளி சுவர். பழைய பிரெஞ்சு வீடானாலும், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த தமிழ் வீடானாலும், செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் எழுப்பிய சுவர்கள். வெயில் உள்ளே வரக்கூடாது என்று கட்டினார்கள். வைஃபையும் வருவதில்லை. கடலோர ஊர் என்பதால் சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஈரச் சுவர் ரேடியோ அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். மழைக்காலத்தில் மட்டும் பின்கட்டில் சிக்னல் மோசமாகிறது என்று சொன்னால் அது பிரமை அல்ல. புதிய கான்கிரீட் கட்டடமும் உத்தமம் இல்லை. உள்ளே இருக்கும் கம்பிகள், இரும்பு ஷட்டர், ஸ்டீல் பீரோ, ஆளுயரக் கண்ணாடியின் பின்புறப் பூச்சு எல்லாமே அலையைத் திருப்பி அனுப்பக்கூடியவை.

உடனே பலரும் செய்வது, “பெரிய ரவுட்டரா, ஆறு ஆன்டெனா இருக்கிறதா குடுங்க” என்று வாங்கி வருவது. இது ஏன் பலிப்பதில்லை? கோயில் மைக்செட்டை நினைத்துப் பார்க்கலாம். அர்ச்சகர் சொல்வது மூன்று தெரு தாண்டிக் கேட்கும். வீட்டிலிருந்தபடி நீங்கள் பதில் சொன்னால் அவருக்குக் கேட்குமா? ரவுட்டர் உரக்கப் பேசலாம். ஆனால், கையில் இருக்கும் செல்போனின் குரல் சின்னது. இணையம் என்பது இருவழிப் பேச்சு. போனில் முழுக் கோடு காட்டியும் ஒரு படம்கூட நகராமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். ரவுட்டர் சொல்வது போனுக்குக் கேட்கிறது, போன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்கவில்லை.

அடுத்த வைத்தியம் ரிப்பீட்டர். நடுவழியில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால் போதும் என்பார்கள். ஓர் அறைக்கு அந்தப் பக்கம் மின்னஞ்சல் பார்க்க அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால், கட்டடம் விட்டுக் கட்டடம் தாண்ட அதை நம்பினால் கஷ்டம். ஒரே ரேடியோ உள்ள சாதாரண ரிப்பீட்டர் கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதோடு, சிக்னல் செத்துப்போன இடத்தில்தான் அதை வைக்கிறார்கள். அரைகுறையாகக் காதில் விழுந்ததை உரத்த குரலில் திரும்பச் சொல்லும் ஆளைப் போல அது வேலை பார்க்கிறது. கோடு நிறைய காட்டும், விஷயம் வராது.

முதலில் பார்க்க வேண்டியது கம்பி போட வழியிருக்கிறதா என்பது. இரண்டு கட்டடமும் ஒரே மதிலுக்குள் இருந்து, குழி தோண்டிக் குழாய் பதிக்க முடியுமானால் ரேடியோவே வேண்டாம். அதிலும் ஃபைபர்தான் நல்லது. வழக்கமான செம்புக் கம்பி நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை உண்டு. தூரம் குறைவாகவே இருந்தாலும், பக்கத்தில் இடி விழுந்தால் செம்பு அந்த அதிர்ச்சியை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கக் கருவிகளையும் கருக்கிவிடும். ஃபைபரில் ஓடுவது ஒளி. அது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது.

நடுவில் பொது வீதி இருக்கும்போதுதான் கதை மாறுகிறது. அனுமதி இல்லாமல் வீதியைத் தோண்ட முடியாது. மின்கம்பத்தில் கட்டி இழுப்பது தப்பு, ஆபத்தும்கூட. பாரம்பரியக் கட்டடத்தின் முகப்பில் துளை போட்டுக் கம்பி தொங்கவிட எந்த உரிமையாளருக்கும் மனம் வராது. அங்கேதான் கம்பியில்லாப் பாலம் தேவைப்படுகிறது. தொழில்காரர்கள் இதை பிரிட்ஜ் என்றோ, பாயின்ட் டு பாயின்ட் என்றோ சொல்வார்கள். இரண்டு மொட்டை மாடிகளிலும் ஆளுக்கொரு சிறிய ஆன்டெனா. ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்து நிற்கும். ஊருக்கெல்லாம் சிக்னலை இறைக்காமல், டார்ச் லைட் வெளிச்சம்போல ஒரே திசையில் குவித்து அனுப்பும். சுவரைத் துளைத்துப் போவதற்குப் பதிலாக, சுவருக்கு மேலே ஏறித் தாண்டிப் போவது. அவ்வளவுதான் சூட்சுமம்.

சொல்லப்போனால், கம்பியில்லா கணினி வலையே இப்படிப்பட்ட ஒரு தேவைக்காகப் பிறந்ததுதான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் வெவ்வேறு தீவுகளில் சிதறிக் கிடந்தன. நடுவில் வீதி அல்ல, கடல். பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-ல் ரேடியோ வழியாக அங்கிருந்த கணினி முனையங்களை முதன்மைக் கணினியோடு இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு என்ற அந்த வலையின் ஏற்பாடு, வடிவம் மாறி இன்றைய வைஃபைக்குள்ளும் இருக்கிறது.

ஹவாய் வரை போக வேண்டாம். புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே, வில்லியனூரில், வைஃபை என்ற சொல் நம்மூருக்கு வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியோடு புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூர் நடு மையம். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்கள் அதைச் சுற்றிய கிளைகள். (1954 அக்டோபரில் புதுச்சேரி இந்தியாவோடு இணைவதற்கு மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்களே, அதே கீழூர்தான்.) அந்தக் காலத்தில் கிராமத்துத் தொலைபேசியை நம்பிக் கணினியை இணைத்தால் பாதி நாள் டயல் டோனே வராது. அதனால், போலீஸ் வாக்கி டாக்கிபோல இருவழி வி.எச்.எஃப். ரேடியோக்களை வாங்கி, அவற்றோடு மோடத்தை இணைத்தார்கள். அதே ரேடியோவில் குரலும் போனது, எழுத்தும் போனது. வேகம் இன்றைய கணக்குக்குச் சிரிப்பு வரவைக்கும். ஆனால், காலையில் கேட்ட நெல் விலை காலையிலேயே வந்து சேர்ந்தது.

அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, மின்சாரம். வெட்டு வந்தாலும் மையம் இருளக்கூடாது என்று சூரிய ஒளித் தகடும் பேட்டரியும் வைத்தார்கள். இரண்டாவது, இடம். மையத்துக்கான அறையைக் கிராமமே இலவசமாகத் தர வேண்டும், எந்தச் சாதியினரும் தடையின்றி உள்ளே வர முடிய வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே ஓர் அறை கிடைத்தது. மூன்றாவது, ஆள். வெளியூர் இன்ஜினீயரை எதிர்பார்த்து உட்காராமல், உள்ளூர்க்காரர்களையே பழக்கினார்கள். அவர்களில் பெண்கள் நிறைய. 2001-ல் அந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. கருவியைவிட இந்த மூன்றும்தான் விருது வாங்கிக் கொடுத்தன என்று சொன்னால் தப்பில்லை.

வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு வேண்டியது நெல் விலை அல்ல, கடலின் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் எழுதி, கரையில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்த தகவலானாலும் கடைசி நூறு அடியைத் தாண்டிக் காதில் விழுந்தால்தான் பிரயோஜனம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நல்லவாடு என்ற இன்னொரு மீனவக் கிராமத்திலும் அப்படியொரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர், சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறி வீட்டுக்கு போன் செய்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறுகிறது என்று தங்கை சொன்னதும், உடனே ஓடச் சொன்னார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. சுமார் 3,600 பேர் கொண்ட அந்த ஊரில் மக்கள் உயிர் தப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு வரை வந்த அழைப்பு ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஊர் முழுக்க அதைக் கொண்டுபோனது அந்த ஒலிபெருக்கி.

வில்லியனூர்க்காரர்களுக்கு இருந்த ஒரு தொல்லை இன்று இல்லை. அப்போது வெளியிடத்தில் ரேடியோ வைக்க உரிமம் வேண்டும். 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு வழி திறந்தது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸிலும் பெரும்பகுதி அப்படித் திறந்துவிடப்பட்டது. அலையின் பலத்துக்கு வரம்பு மட்டும் உண்டு. அதை மீறி ஏற்றிவைக்கும் வித்தையைச் சில மெக்கானிக்குகள் பெருமையாகச் செய்து தருவார்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். எதிரெதிர் மாடியில் நின்று இரண்டு பேர் காதோடு கத்துவதுபோல, பக்கத்துத் தூரத்தில் அதிகப் பலம் இணைப்பைக் கெடுக்கவும் செய்யும்.

தூரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியர், சாதாரண வைஃபை கருவிகளைக் கொஞ்சம் மாற்றி, பெரிய ஆன்டெனாக்களோடு மலை உச்சிகளில் வைத்து, 2007-ல் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்பு கொடுத்தார். நடுவில் மறைப்பு இல்லை, அதுதான் ரகசியம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் பரிசோதனை மையங்களை இதே முறையில் இணைத்தார்கள். நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்திருக்க, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். அந்தக் குழு பிறகு எழுதிய அனுபவக் கட்டுரையில் அலையைப் பற்றிப் பேசியதைவிட மின்சாரத்தைப் பற்றிப் புலம்பியது அதிகம். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தால் கருவிகள் எரிவதும், பாதி உயிரோடு தொங்கி நிற்பதும்தான் பழுதுகளில் பெரும்பகுதி.

ஆக, இரண்டு கடைக்கு நடுவில் நூறு அடி தாண்டுவது அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. மாடியில் செய்யும் வேலைதான் பொருட்டு.

ஆன்டெனாவிலிருந்து ஆன்டெனா தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை, நடுவில் கொஞ்சம் உப்பி, கொழுக்கட்டை மாதிரி போகும். 100 மீட்டர் இடைவெளியில் 5 கிகாஹெர்ட்ஸ் பாலம் என்றால், நடுப்பகுதியில் அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே காலியிடம் வேண்டும். கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு ஆன்டெனாவை வைக்கக்கூடாது என்பது இதனால்தான். பங்குனியில் இலை உதிர்ந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் பொருத்தினால், ஐப்பசி மழையில் தளதளவென்று நனைந்து நிற்கும் இலைகள் பாலத்தை அடைத்துவிடும். தென்னை ஓலை காற்றில் ஆடும்போது இணைப்பும் சேர்ந்து ஆடும். நடுவில் திடீரென்று முளைக்கும் இரும்புச் சட்டம் போட்ட கல்யாண ஃப்ளெக்ஸ், பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பும் இரண்டாவது மாடி, இவற்றுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் வாரன்டி தராது.

நகரத்துக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பாலம் போடுவது சந்தைக்கடை நடுவே ரகசியம் பேசுவதுபோல. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். 1, 6, 11. அடுத்தடுத்த விடுதிகள் எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கின்றன. பாலத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸே சரி. நடுவில் சுவர் இல்லாததால் அதன் பலவீனம் இங்கே வெளிப்படாது.

உப்புக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து நாலு வீதி தள்ளியிருந்தாலும் மட்டமான கிளாம்ப் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பும், வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளும் கூடுதல் செலவுதான். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கேபிள் ஆன்டெனாவுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலே ஏற்ற வேண்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கருவிக்குள் இறங்காது. பழைய கட்டடத்தின் கைப்பிடிச் சுவரைத் துளைக்க மனமில்லாதவர்கள், கனமான கான்கிரீட் கட்டையில் பைப்பை நிறுத்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டலாம். ஆனால், 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது வீசிய காற்றை மனதில் வைத்துக் கட்ட வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தரைத்தளத்தில், தரையோடு ஒட்டி யு.பி.எஸ். வைத்திருந்தால் அப்படியொரு நாளில் அது தப்பாது.

யு.பி.எஸ். என்றதும் ஒன்று. பெரும்பாலான இடங்களில் கல்லாப்பக்கத்து ரவுட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். இருக்கும். பாலத்துக்கு இரண்டு முனை. அந்தப் பக்கத்து ஆன்டெனாவுக்கும் கேபிள் வழியாகவே மின்சாரம் ஏற்றும் சிறு அடாப்டர் ஒன்று இருக்கிறது. கரன்ட் போனால் அதுவும் போகும். இரண்டு முனையிலும் பேட்டரி, இரண்டு முனையிலும் மின்னல் தடுப்பான், இரண்டு முனையிலும் ஒழுங்கான எர்த். எர்த் குழியில் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கத்தையும் விடக்கூடாது.

பாலம் அடுத்த மாடியில் இறங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து, அந்த ஆன்டெனாவையே போன்களுக்கும் வைஃபை கொடுக்கச் சொல்வார்கள். அது பாலம், அதைப் பாலமாக மட்டும் விட வேண்டும். அங்கிருந்து கேபிளைக் கீழே இறக்கி, உள்ளே தனியாக ஆக்சஸ் பாயின்ட் வைக்க வேண்டும். முற்றம் வைத்த வீட்டில் இது சுலபம். தாழ்வாரத்து உத்தரத்தில் ஒன்றை மாட்டினால் முற்றத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் அறைகள் பலவும் அதற்குள் வந்துவிடும். இரண்டு கட்டடத்திலும் வைஃபைக்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். விருந்தினர்களுக்கு மட்டும் வேறு பெயரில், வேறு வழியில் கொடுக்க வேண்டும். யாரோ ஓர் அறையில் சினிமா இறக்குவதும், கல்லாவில் கார்டு தேய்ப்பதும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. கணக்குப் புத்தகம் இருக்கும் கணினியை முன்பின் தெரியாதவர் போன் எட்டிப் பார்க்கவும் கூடாது.

வேலை முடிந்ததும் போனில் கோட்டை எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஊரே இணையத்தில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, பின்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் வீடியோ கால் பேசிப் பார்க்க வேண்டும். நல்ல மழை பெய்யும்போது இன்னொரு தடவை. பிறகு முன்கட்டில் மெயினை அணைத்துவிட்டு ஒரு தடவை, பின்கட்டில் அணைத்துவிட்டு ஒரு தடவை. இந்த நாலும் தேறினால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.

கொடுக்கும் முன் ஒரு காகிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ஆன்டெனாவின் பயனர் பெயர், கடவுச்சொல், எந்தச் சேனல், எந்த கேபிள் எங்கே போகிறது என்ற விவரம். இதெல்லாம் பொருத்தியவரின் செல்போனில் மட்டும்தான் இருக்கும், அவர் அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போயிருப்பார். மின் இணைப்பு எண் எழுதி வைத்திருக்கும் அதே நோட்டில் இதையும் எழுதி, கடையில் தினமும் இருக்கும் ஒருவரை மாடிக்கு அழைத்துப் போய், எந்த விளக்கு எரிந்தால் சரி, எது அணைந்தால் கோளாறு என்று காட்டிவிட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஸ்பேனரோடு மேலே ஏறி கிளாம்ப் நட்டுகளை முறுக்கிப் பார்ப்பதும் அவர் பொறுப்பு.